தனியடியாரும் தொகையடியாரும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது தமிழ் மக்கள் வழங்கும் முதுமொழி. திருவாரூர் ஆழித்தேரின் வடத்தைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் ஒருமுகமாய் நின்று இழுத்தாலன்றி அப்பெருந்தேர் இம்மியும் அசையாது. ஆயினும், தேர் வீதியின் திருப்பத்தை அடையுங்கால், உருளும் சக்கரத்தின் அடியில் உரிய கணத்தில் உரிய இடத்தில் முட்டுக்கட்டையை இடுகின்றவன் தனி ஒருவனே. அவன் கை தவறுமாயின் ஆயிரவர் வலிமையே ஆயிரவர்க்குத் தீங்காய் முடியும். வடம் பிடிப்பார் இல்லையேல் கட்டை இடுவானுக்கு வேலை இல்லை. கட்டை இடுவான் இல்லையேல் வடம் பிடிப்பார்க்குக் காவல் இல்லை.

ஒரு சமுதாயம் வலிவு பெறுவது தனிமனிதனாலா, கூட்டத்தாலா என்னும் வினாவை உலகத்து அறிஞர் பலர் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். தனிமனிதனின் உரிமையே பெரிதென்பார் ஒரு சாரார். கூட்டத்தின் நலத்துக்குத் தனிமனிதன் தன்னை முற்றிலும் ஒப்புவிக்க வேண்டுமென்பார் மற்றொரு சாரார். தமிழகத்துத் திருக்கோயில்களின் வரலாற்றைப் பயில்வார்க்கு இவ்வினா புதியதன்று. அவ்வரலாறு இதற்கு விடையாகக் கூறுவது ஒரு கோட்பாட்டை அன்று. பல நூற்றாண்டுகளின் அனுபவத்தை. அவ்வனுபவத்தில் வெற்றியும் உண்டு. வெட்கப்படத்தக்க தோல்வியும் உண்டு. இரண்டையும் அறிவதே பயன் தருவதாகும்.

தேவாசிரியன் மண்டபத்து வழக்கு

இவ்வினா திருவாரூரிலேயே ஒரு காலத்தில் எழுந்ததாகச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உரைக்கின்றார். திருவாரூர்ப் பூங்கோயிலில் தேவாசிரியன் என்னும் மண்டபத்தில் அடியார்கள் குழுமியிருந்தனர். இறைவனால் தோழமையாகக் கொள்ளப்பெற்ற சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஒருநாள், அவ்வடியார்களை வெளிப்பட வணங்காது, மனத்தளவில் வணங்கி ஒருபுறமாக ஒதுங்கிச் சென்றார். மலைநாட்டுச் செங்குன்றூரிலிருந்து வந்திருந்த விறன்மிண்ட நாயனார் அதனைக் கண்டார், பொறுத்தாரில்லை. அடியார் கூட்டத்தை மதியாது செல்லும் வன்றொண்டர் அக்கூட்டத்துக்குப் புறம்பானவர் என்றார். அத்தகையவரை ஆட்கொண்ட இறைவனும் புறம்பே என்றார்.

எண்ணிப் பார்க்குங்கால் இவ்வழக்கின் நுட்பம் விளங்கும். சுந்தரரோ நிகரற்ற தனியாற்றல் படைத்தவர்; இறைவனையே தூது அனுப்பும் உரிமை பெற்றவர். அத்தகையாரும் கூட்டத்தைக் கடந்து செல்லலாகாது என்பது விறன்மிண்டர் கொண்ட துணிபு. ஆனால் அக்கூட்டத்தின் பொருட்டு எழுந்து நின்ற விறன்மிண்டரோ தாமும் ஒரு தனிமனிதரே! மண்டபத்தில் இருந்தார் அனைவரும் வாளாவிருக்க, அவர் ஒருவரே எழுந்தார். இறைவனையும் புறம்பென்று கூறும் துணிவு அவர் ஒருவர்க்கே இருந்தது. கூட்டத்தின் மாண்பைக் காத்தது ஒருவர் நெஞ்சுரம். ஒருவர் பெருமையைத் திருத்தி நிறைவித்தது கூட்டத்தின் மாண்பு.

இவ்வழக்கின் முடிவாகத் தோன்றியதே திருத்தொண்டத்தொகை. சுந்தரர் சினந்தாரில்லை, தம் பெருமையை எடுத்துரைத்தாரில்லை, அடியார் அனைவர்க்கும் தாம் அடியேன் என்று பாடினார். பின்னர் நம்பியாண்டார் நம்பி அதனை விரித்து அந்தாதியாக்கினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனைப் பெருங்காப்பியமாக்கினார். தனியடியார் 63 பேர், தொகையடியார் 9 கூட்டத்தார் என எண்ணுவது மரபாயிற்று.

தனியடியார் வரிசையை நோக்கினால், ஒருவர் வழி மற்றொருவர் வழியன்று. கண்ணப்பர் வேடர், திருநீலகண்டர் குயவர், அதிபத்தர் கடலில் வலை வீசும் பரதவர், ஆனாயர் குழலூதும் ஆயர், நேசர் நெசவாளர், திருக்குறிப்புத் தொண்டர் அடியார்தம் ஆடையை வெளுத்துக் கொடுத்த ஏகாலியர், காரைக்காலம்மையார் வணிகர் குலத்து மங்கையார், கோச்செங்கட் சோழர் முடிமன்னர். கண்ணப்பர் செய்ததை மற்றொருவர் செய்தால் அது பிழையாகும். அவர் செய்தமையால் அது அன்பாயிற்று. ஒவ்வொருவர்க்கும் உரிய இயல்பும் தொழிலும் மாறாதிருக்கவே, அவரவர் இருந்த இடத்திலிருந்தே நிறைவு எய்தினர் என்பது அந்நூல் காட்டும் செய்தி.

தொகையடியாரோ பெயரற்றவர். தில்லைவாழ் அந்தணர், பத்தராய்ப் பணிவார், பரமனையே பாடுவார், திருவாரூர்ப் பிறந்தார் என்றிவ்வாறு செயலாலும் இடத்தாலும் மட்டுமே அவர்கள் அறியப்படுகின்றனர். இவர்களுள் அப்பாலும் அடிச்சார்ந்தார் என்பது ஒரு வகை. தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாலும், அவ்வடியார்கள் வாழ்ந்த காலத்துக்கு முன்னும் பின்னும், இறைவன் திருவடியைச் சார்ந்தோர் யாவரும் இதனுள் அடங்குவர் என்பது மரபு. எனவே, இத்தொகை கதவடைத்த கூட்டமன்று. இனி வரவிருப்பார்க்கும் இடம் ஒதுக்கி வைத்த கூட்டம்.

கல்லில் எழுதிய பெயர்கள்

பாட்டில் கண்ட இம்முறையைக் கல்லில் காண விரும்புவோர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லுதல் வேண்டும். முதலாம் இராசராச சோழன் 985 முதல் 1014 வரை ஆட்சி புரிந்தவன். தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அஃதாவது 1010-ஆம் ஆண்டில், ஸ்ரீவிமானத்தின் உச்சியில் வைப்பதற்காக 3083 பலம் எடையுள்ள செப்புக்குடத்தை அவன் அளித்தான். அதன்மேல் போர்த்த 2926½ கழஞ்சு பொன் தகடும் கொடுத்தான். அந்நாள் தொட்டு எத்தனையோ கும்பாபிஷேகங்களை அவ்விமானம் கண்டுவிட்டது.

அம்மன்னனின் பெருமை பொன்னின் எடையில் மட்டும் அடங்குவதன்று. மறு ஆண்டில், தஞ்சை அரண்மனையில் இருந்தவாறு அவன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவைப் பிராட்டியார் கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்லில் வெட்டுக என்பதே அவ்வாணை. உலகாளும் வேந்தன் எடுப்பித்த கோயிலில் வேந்தன் பெயர் ஒன்றே போதும் என்று அவன் எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணினானில்லை.

அதனால்தான் ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளானின் பெயர் இன்றளவும் அறியப்படுகின்றது. கோயில் ஸ்ரீகாரியம் பார்த்த இவ்வதிகாரி, நம்பியாரூரர், பரவை நங்கையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர் முதலிய அடியார்களின் செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்தார். தொகை பாடியவர் தாமே இவ்வாறு கோயிலில் திருமேனி பெற்றார். தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பெயர்களும், ஒவ்வொருவரும் எத்தளியிலிருந்து வந்தவர், எத்தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார் என்பதுவும் கல்லில் உள்ளன. ஒருவர்க்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவர், பாடுவார், கொட்டுவார், தையற்காரர், தச்சர், குயவர், ஆடை வெளுக்கும் ஈரங்கொல்லிகள் ஆகியோர்க்கும் அவரவர் பங்கு வகுக்கப்பட்டுள்ளது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களும், அவர்களுக்குக் கொட்டுவார் இருவரும் அமர்த்தப்பட்டனர். அளக்கும் மரக்காலும் நிறுக்கும் கல்லும் ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே பூண்டிருந்தன.

இங்கே பெயர் எழுதப்பட்டதன் கருத்தை ஊன்றி நோக்க வேண்டும். கல்லில் எழுதிய ஒவ்வொரு பெயர்க்கும் பக்கத்தில் ஒரு கடமை எழுதப்பட்டது. ஒவ்வொரு கடமைக்கும் பக்கத்தில் ஓர் அளவு எழுதப்பட்டது. கோயிற் பண்டாரத்திலிருந்து பொன் பெற்ற ஊர்ச் சபையார் காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை செலுத்த வேண்டும் என்று முறை வகுத்தனர். பண்டாரம் காப்பாரையும், கணக்கெழுதுவாரையும், திருமெய்காப்பாரையும் இன்ன இன்ன ஊர்கள் அனுப்ப வேண்டும் என்றும் விதித்தனர். ஆகவே, அங்குப் பெயர் பெறுதல் என்பது புகழ் பெறுதல் மட்டுமன்று. பொறுப்புப் பெறுதலும் ஆயிற்று.

சாவா மூவாப் பேராடு

சோழர் காலத்துச் சாசனங்களில் பயிலும் ஒரு தொடர் இவ்விடத்தில் நினைவு கூரத்தக்கது. கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிக்க விரும்புவோர் ஆடுகளை அளிப்பது வழக்கம். தஞ்சையில் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள். பிற தலங்கள் பலவற்றில் 90. அவ்வாடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளுக்குச் சாசனங்கள் இட்ட பெயர் சாவா மூவாப் பேராடு என்பதாகும்.

சாகாத ஆடும் முதிராத ஆடும் உலகில் உளவோ? ஒவ்வோர் ஆடும் முதிரும். ஒவ்வோர் ஆடும் சாகும். ஆயினும், சாவனவற்றுக்கு ஈடாகப் பிறப்பனவற்றை நிறுத்தி, 96 என்னும் எண் குறையாமல் இடையன் காப்பானாயின், மந்தைக்குச் சாவுமில்லை, மூப்புமில்லை, விளக்கும் அணைவதில்லை. கொடுத்தவன் மறைந்தான், பெற்ற இடையன் மறைந்தான், அவன் மகன் அதே எண்ணிக்கையைக் காத்தான். ஒரு சமுதாயம் நிலைபெறும் விதத்தை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. தனிமனிதன் அழிவான், அவன் ஏற்றுக்கொண்ட கடமை கைமாறி வாழும். ஆனால், மந்தை தானே வாழும் என்று ஒவ்வோர் இடையனும் இருந்துவிட்டால், சில ஆண்டுகளில் 96 என்பது 60 ஆகும். 60 என்பது 10 ஆகும். கல்வெட்டு மட்டும் எஞ்சும். சாவா மூவாத் தன்மை மந்தையிடத்து இல்லை. எண்ணிப் பார்க்கும் இடையனிடத்தே இருக்கின்றது.

உத்தரமேரூர்க் குடவோலை

கூட்டம் நல்லதாயினும் அது தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பதை நன்கு உணர்ந்தவர்கள் உத்தரமேரூர்ச் சபையார். காஞ்சிபுரத்தை அடுத்த அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய இரு சாசனங்கள் உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. அரசன் ஆணை வர, அரசனின் அதிகாரி உடனிருக்க, மகாசபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவற்றில் வகுத்துக்கொண்டனர். முதல் விதி எழுதிய இரண்டே ஆண்டுகளில் மீண்டும் கூடி அதனைத் திருத்தினர் என்பது கருதத்தக்கது. தீயோர் கெட்டு நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே திருத்தத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவராய், 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவராய், கல்வியும் ஒழுக்கமும் உடையவராய் இருப்பவர் பெயரை ஓலையில் எழுதுவர். முந்திய மூன்று ஆண்டுகளுள் வாரியம் செய்தவர்க்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்க்கு என்றும் இடமில்லை. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. பிறர் பொருளைக் கவர்ந்தவர்க்கும் இடமில்லை.

ஓலைகள் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடப்படும். சிறியோரும் பெரியோருமாகச் சபை நிறைந்திருக்க, கோயில் நம்பிமாரும் ஒருவர் ஒழியாமல் உடனிருக்க, அவருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணுமாறு தூக்கி நிற்பார். ஓலையின் பொருள் அறியாத சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஓலையை எடுப்பான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். நம்பிமார் எல்லாரும் வாசிப்பர். அதன் பின்னரே பெயர் எழுதப்படும். இவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவர் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் முதலியவற்றில் 360 நாள் பணி புரிந்து விலகுவர். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கப்படுவர்.

விரித்த ஐந்து விரல்களில் ஓர் அரசியல் நூலே அடங்கியுள்ளது எனலாம். மத்தியஸ்தன் நல்லவன் என்பதில் ஊரார்க்கு ஐயமில்லை. ஆயினும் நல்லவன் கையும் விரிந்தே இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். நம்பிக்கை உள்ள இடத்தில் கணக்கு எதற்கு என்பார் உண்டு. கணக்கு உள்ள இடத்திலேதான் நம்பிக்கை நெடுங்காலம் வாழும் என்பது உத்தரமேரூரார் கண்ட உண்மை. அவ்வூரின் உயிர்நாடியான வயிரமேகத் தடாகத்தைத் தூர் எடுத்துக் கரை உயர்த்திக் காக்கும் பொறுப்பு, ஏரி வாரியத்தார் ஆண்டுதோறும் மாறினும், ஆண்டுதோறும் மாறாமல் நின்றது.

ஆயினும் அச்சபையின் குறையையும் மறைத்தல் ஆகாது. அது பிரமதேய ஊரின் சபை. நிலம் இல்லாதார் பெயர் அக்குடத்தில் விழவில்லை. மகளிர் பெயர் விழவில்லை. ஏரியின் மண்ணைச் சுமந்த உழைப்பாளர் பெயரும் விழவில்லை. ஊர் என்னும் சொல்லுக்குள் ஊரார் எல்லாரும் அடங்கவில்லை. கூட்டம் எவ்வளவு செம்மையாக நடப்பினும், அதன் வாயில் குறுகியதாயின் அதன் வலிமையும் அவ்வளவில் குறுகியதே.

வந்தியின் பங்கு

கூட்டத்தின் கணக்கு ஒருவரை எவ்வாறு நசுக்கக்கூடும் என்பதை மதுரைத் திருவிளையாடல் ஒன்று உணர்த்துகின்றது. வையை பெருக்கெடுத்தது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆணையில் தவறில்லை, கரை உடைந்தால் நகரம் முழுவதும் அழியும். எல்லார்க்கும் அளந்து பங்கு விடப்பட்டது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விடப்பட்டது. அவளுக்கு மகனுமில்லை, கணவனுமில்லை, கூலிக்கு ஆள் வைக்கப் பொருளுமில்லை. அளவு எல்லார்க்கும் சமமாயிருந்தது. ஆனால் சமமான அளவு அவளுக்கு நீதியாய் இருக்கவில்லை.

அவ்விடத்தில் இறைவன் கூலியாளாக வந்தான் என்று புராணம் கூறும். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றான், ஆடினான், பாடினான், உறங்கினான். கரை அடைபடாதது கண்ட பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் அரசியார் முதுகிலும் நகரத்தார் முதுகிலும் சராசரங்கள் அனைத்தின் மேலும் பட்டது. ஆவணி மூலத்தில் மதுரையில் ஆண்டுதோறும் நடைபெறும் இத்திருவிழாவைக் காண்போர் பலர். நாதியற்ற ஒரு கூலியாளின் முதுகில் விழும் அடி ஊர் முழுவதன் முதுகிலும் விழும் என்பதை நினைவில் வைப்போரே அத்திருவிழாவின் பயனைப் பெற்றவராவர். கரையும் அதன் பின்னரே அடைபட்டது.

இப்பாடத்தை ஊர்கள் எளிதில் கற்றனவல்ல. திருநாளைப்போவாரைத் தனியடியாருள் ஒருவராகப் போற்றிய நாட்டிலேயே, அவர் குலத்து மக்கள் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்டோர் சிலருடன் மீனாட்சியம்மன் கோயிலினுள் புகுந்து வழிபட்டார். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. பாட்டில் முன்னரே திறந்த கதவு ஊரில் திறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதனைத் திறக்கவும் முதலில் தேவைப்பட்டவர், தம் கூட்டத்தாரின் வெறுப்பைத் தாங்க முன்வந்த தனிமனிதரே.

திருவரங்கத்து ஈரங்கொல்லி

கூட்டம் கைவிட்ட ஒருவராலேயே கூட்டம் காக்கப்படும் காலமும் உண்டு. திருவரங்கத்து வரலாறு இதற்குச் சான்று. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தது. மதில்கள் உயர்ந்தவை, செல்வம் அளவற்றது, ஆயினும் அந்நாளில் மதிலும் செல்வமும் காப்பனவாய் இல்லை. மூலவர் திருமுன் கல்திரை எழுப்பப்பட்டது. பிள்ளை லோகாசாரியர் உற்சவரான அழகிய மணவாளரை எழுந்தருளச் செய்துகொண்டு, சிலருடன் தெற்கு நோக்கிச் சென்றார். முதுமையுற்ற அவ்வாசாரியர் வழியில் சோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். அவர்க்குப் பின் பிறர் அப்பொறுப்பை ஏற்றனர். மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை என்று ஊர் ஊராக எம்பெருமான் எழுந்தருளியிருந்த காலம் 48 ஆண்டுகள். ஏற்றுக்கொண்டார் மறைய, மற்றவர் ஏற்க, விளக்கு அணையாமல் சென்றது.

1371-இல் விசயநகரத்து அதிகாரியாகிய கோபணாரியர் முயற்சியால் எம்பெருமான் திருவரங்கத்துக்கு மீண்டும் எழுந்தருளினார். அப்போது ஓர் இடர் நேர்ந்ததெனக் கோயிலொழுகு உரைக்கும். இடைக்காலத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டிருந்தது. இரண்டனுள் பழைய திருமேனி எது என்று துணிய எவராலும் இயலவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தமையால், முன்பு கண்ணால் கண்டவர்கள் மறைந்துவிட்டனர். கோபணாரியரின் படையால் அதனைத் துணிய முடியவில்லை. கற்றோர் கூட்டத்தாலும் முடியவில்லை.

அந்நிலையில் முதிய ஈரங்கொல்லி ஒருவர் இருப்பது தெரிய வந்தது. கண்பார்வையும் இழந்தவர். இளமையில் எம்பெருமானின் ஈரவாடையை வெளுத்தவர். அவ்வாடையிலிருந்து பிழிந்த தீர்த்தத்தை நாள்தோறும் பருகியவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவரிடம் தந்தனர். பருகிய அவர், ஒன்றில் பழைய கஸ்தூரி மணம் கண்டு, இவரே நம் பெருமாள் என்றார். நம்பெருமாள் என்று உலகம் வழங்கும் திருநாமம் அவர் வாய்மொழியாலே நிலைபெற்றது என்பர். மற்றைய திருமேனி திருவரங்கமாளிகையார் என்னும் பெயருடன் அங்கேயே எழுந்தருளியுள்ளது.

இம்முதியவர் பெயரும் உத்தரமேரூர்க் குடத்தில் விழுந்திருக்க மாட்டாது. நிலமில்லை, வேதக் கல்வி இல்லை, வயதோ வரம்பைக் கடந்தது. ஆயினும், எவரும் அறியாததை அவர் ஒருவரே அறிந்திருந்தார். நாள்தோறும் தம் தொழிலைச் செய்ததொன்றே அவர் பெற்ற கல்வி. அவரைத் தேடிச் சென்று கேட்டதும், அவர் சொல்லைச் சபை முழுவதும் தலைமேற்கொண்டதும் திருவரங்கத்தார்க்குப் பெருமை தருவன. கேட்கும் செவி அச்சபைக்கு இல்லாதிருந்தால், கோபணாரியர் பெற்ற வெற்றி முழுவதும் ஐயத்தில் முடிந்திருக்கும்.

திருப்பணியின் மறுநாள்

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். பெயரை அழித்துக் கூட்டத்தை வளர்த்த ஊரும் தமிழகத்தில் நெடிது வாழ்ந்ததில்லை. கடமையை விட்டுப் பெயரை வளர்த்த செல்வரும் நெடிது வாழ்ந்ததில்லை. ஒவ்வொருவர் பெயரையும் பொறித்து, பெயருக்கு நேரே அவர் கடமையையும் பொறித்து, கணக்குக் கேட்கவும் எளியோர் சொல்லைக் கேட்கவும் அறிந்திருந்த ஊர்களே வலிவுற்று நின்றன. அவற்றை மறந்த காலங்களில் மதில் இருந்தும் காவல் இல்லாமற் போயிற்று.

கும்பாபிஷேகத் திருநாளில் யாகசாலையில் பல கலசங்கள் அமைகின்றன. பல தீர்த்தங்கள் ஒன்றாய்ச் சேர்கின்றன. கலசம் ஒவ்வொன்றுக்கும் ஆவாகனம் தனித்தனியே நிகழ்கின்றது. எக்கலசத்திலும் மந்திரம் குறைவதில்லை. பொன் அளித்தவர், கல் அளித்தவர், ஒரு மூட்டை அரிசி அளித்தவர், சாரத்தில் ஏறிச் சுதை பூசியவர், அடுப்படியில் நின்று அன்னம் வடித்தவர் ஆகிய எல்லாரையும் இத்திருநாள் ஒன்றாக்குகின்றது. அன்று ஊர் கூடுதல் எளிது. மண்டலாபிஷேகம் நிறைவுறும் 48 நாள் வரையிலும் கூட்டம் குறைவதில்லை. கோயிலின் உண்மையான வலிமை அளக்கப்படுவது அதற்குப் பின் வரும் ஆண்டுகளில். மீண்டும் ஒரு கும்பாபிஷேகம் வருவதற்குள் விமானத்தில் ஆலஞ்செடி முளைக்கும். குளத்தில் பாசி படரும். உண்டியலுக்குக் கணக்கு வேண்டும். மழை நாளில் வரும் ஒரே ஒரு முதியவர்க்கும் சன்னிதி விளக்கு எரிய வேண்டும்.

விளக்கின் ஒளி மறையுமளவு அதன்மேல் கொடையாளர் பெயரை எழுதுவாரும் உண்டு. தஞ்சைக் கல்வெட்டில் பெயர் விளக்கை மறைக்கவில்லை. விளக்கு பெயரைக் காத்தது. தம் பெயர் பொறிக்கப்பட்ட அன்பர், அதன் நேரே தம் பங்கு யாது என்றும் எண்ணிக்கொள்வாராயின், அவர் தனியடியார் வழியில் நின்றவராவார். பெயர் பொறிக்கப்படாத அன்பர், தாம் ஆற்றிய தொண்டு தொகையடியார் கணக்கில் உள்ளது என்று தெளிவாராயின், அவர்க்கும் குறைவில்லை. இருவரும் சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் ஒப்படைக்க வேண்டிய மந்தை ஒன்று இருக்கின்றது. அதனைப் பெற்றுக்கொள்ளப் பின்னே வருகின்றவர்களையும் அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று சுந்தரர் முன்னரே வணங்கி வைத்திருக்கின்றார்.